பொக்லைன் வரும் நேரம்: இடிபாடு, இயந்திரம், அதிகாரம்

1

நம்ம ஊர் தினசரிகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி வரும்: ‘பொக்லைன் எந்திரம் மூலம் இடிபாடுகள் அகற்றப்பட்டன.’ குடிசைகளைப் பிரித்தெறியும் செய்தியிலும் இதே வாக்கியம்தான். இடிந்து விழுந்த கட்டிடத்துக்குள் மாட்டிக்கொண்டவர்களைத் தேடும் செய்தியிலும் இதே வாக்கியம்தான். அகற்றியது யார், இனி அகற்றலாம் என்று சொன்னது யார், அப்படிச் சொன்ன நேரத்தில் உள்ளே யாருக்காவது உயிர் இருந்ததா என்பதெல்லாம் வாக்கியத்துக்கு வெளியே நிற்கின்றன. செயப்பாட்டுவினைக்கு இந்த வசதி உண்டு. இயந்திரம் தானே வந்தது, தானே அள்ளியது என்பதுபோல் நடந்ததை முடித்துவைத்துவிடும்.

பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். 1927இல் அதைத் தொடங்கியவர் பெயர் ழார்ழ் பத்தாய். (சிறுபத்திரிகைகளில் அடிபடும் அந்தப் பத்தாய் அல்ல, இவர் விவசாயக் கருவிகளோடு மல்லுக்கட்டியவர்.) எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தோண்டும் இயந்திரத்தை 1950களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி செய்தது. மேல்பாகம் முழு வட்டமாகச் சுழலும் டிஒய்-45 என்ற இயந்திரம் 1960களின் தொடக்கத்தில் வந்தது. 1970களில் எல் அண்ட் டி நிறுவனம் அந்தக் கம்பெனியோடு சேர்ந்து இங்கே தயாரிக்கத் தொடங்கிய பிறகு, கம்பெனியின் பெயரே இயந்திரத்தின் பெயராகிவிட்டது. இன்று ஜேசிபி என்ற இன்னொரு கம்பெனிப் பெயர் அதோடு போட்டி போடுகிறது. எந்தக் கம்பெனி செய்ததானாலும் நம் தெருவில் அது பொக்லைன்தான்.

இந்த இயந்திரம் எதற்காகப் பிறந்தது? மண்ணைத் தோண்டி லாரியில் கொட்டுவதற்கு. மணிக்கு எத்தனை பக்கெட் என்பதே அதன் கணக்கு. இங்கே அது வாடகைக்குப் போவதும் மணிக்கணக்கில்தான். அதன் பம்பு, வால்வு, பல் வைத்த பக்கெட் எல்லாமே வேகத்தையும் விசையையும் நோக்கி வளர்ந்தவை. அள்ளுகிற மண்ணுக்குள் மூச்சுவிடுகிற ஓர் உடம்பு இருக்கக்கூடும் என்ற நினைப்பு அதன் வரைபடத்தில் எந்தக் கோட்டிலும் இல்லை.

அப்படியானால், ‘இடிபாட்டிலிருந்து மனிதர்களை மீட்கக் கனரக இயந்திரத்தை எப்படி மேம்படுத்துவது?’ என்ற கேள்வியை என்ஜினியர்களிடம் மட்டும் விட்டுவிட முடியுமா? முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். விபத்து நடந்த ஒவ்வொரு இடத்திலும் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ‘மெஷின் சீக்கிரம் வந்திருந்தா பொழைச்சிருப்பாங்க’ என்பது ஒன்று. ‘மெஷினைவிட்டு அள்ளினதாலதான் செத்தாங்க’ என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மை என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2

முதலில் லண்டன். 1940 செப்டம்பரிலிருந்து 1941 மே வரை ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டபோது, இடிபாடுகளில் வேலை செய்ய ‘ஹெவி ரெஸ்க்யூ’ என்ற அணிகள் இருந்தன. ‘ஹெவி’ என்றதும் கிரேனும் புல்டோசரும் நம் கண்முன் வருகின்றன. ஆனால் அந்த அணிகளில் முக்கியமாக இருந்தவர்கள் கட்டிடத் தொழிலாளிகள்: கொத்தனார்கள், தச்சர்கள், இடிக்கிற வேலை தெரிந்தவர்கள். கையில் ஜாக்கி, முட்டுக்கட்டைகள், கயிறு, கூடை. இடிபாட்டைக் கூடையில் அள்ளி வரிசையாக நின்று கைமாற்றிக்கொண்டே போனார்கள். நடுநடுவே எல்லோரும் அசையாமல் நின்று, உள்ளேயிருந்து குரலோ தட்டும் சத்தமோ வருகிறதா என்று காதுகொடுத்தார்கள்.

சுவர் எப்படி எழுகிறது என்று தெரிந்தவனுக்குத்தான் அது எப்படி விழும் என்பதும் தெரியும். எந்த உத்தரத்தைத் தொட்டால் மேலே உள்ளது சரியும், எங்கே ஒரு பொந்து மிஞ்சியிருக்கும் என்பது அந்தக் கைகளில் இருந்த அறிவு. அமைதிக்காலத்தில் அதற்குக் ‘கூலி வேலை’ என்று பெயர். யுத்தம் வந்ததும் அதே அறிவு மீட்புக்கலை ஆனது.

அதே லண்டனிலிருந்து இன்னொரு பாடமும் வந்தது. ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் இருந்த பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் 1941இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மணிக்கணக்காகக் கை காலில் பாரம் அழுத்திக் கிடந்தவர்களை உயிரோடு வெளியே எடுக்கிறார்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறார்கள், பேசவும் செய்கிறார்கள். ஆனால் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோகிறார்கள். பாரத்தின் அடியில் நசுங்கிய தசை சிதைகிறது. பாரம் இருக்கும்வரை அந்தச் சிதைவு அங்கேயே அடைபட்டுக் கிடக்கிறது. பாரத்தைத் தூக்கியதும் ரத்த ஓட்டம் திரும்புகிறது. தசையிலிருந்து வெளியேறிய பொட்டாசியம் இதயத்தைத் தாக்குகிறது. தசைப்புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது. அதனால்தான் பாரத்தைத் தூக்குவதற்கு முன்பே, இடிபாட்டுக்குள் வைத்தே, நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றத் தொடங்க வேண்டும் என்ற நடைமுறை பின்னால் உருவாயிற்று.

இதன் பொருள் சாதாரணமானதல்ல. ‘பாரத்தைத் தூக்கினால் ஆள் பிழைப்பான்’ என்ற, கனரக இயந்திரத்தின் ஒரே நியாயத்தையே இது உடைக்கிறது. தூக்குவதுதான் சில சமயம் கொல்கிறது. எனவே எத்தனை டன் தூக்கும் என்ற கேள்வி மட்டும் போதாது. தூக்காமல் எவ்வளவு நேரம் அப்படியே தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் என்றும் கேட்டாக வேண்டும். விளம்பரப் பட்டியல்களில் முதல் கேள்விக்குத்தான் பதில் இருக்கும்.

3

1985 செப்டம்பர் 19, காலை 7:17. மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்தில் ஏற்பட்ட நிலநடுக்கம், 350 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த தலைநகரைத் தாக்கியது. காரணம் நகரத்தின் காலடியில் இருந்தது. அஸ்டெக் மக்களின் தெனோச்தித்லான் ஏரிக்குள் இருந்த நகரம். ஸ்பானியர்கள் வந்து அதை அழித்து அதன் மேலேயே தங்கள் நகரத்தைக் கட்டினார்கள், பிறகு ஏரியை வடியவிட்டார்கள். மிஞ்சிய மெத்தென்ற களிமண் அதிர்வைப் பல மடங்கு பெருக்கியது. நடுத்தர உயரமுள்ள மாடிக் கட்டிடங்கள் அந்த அதிர்வின் தாளத்தோடு சேர்ந்து ஆடி விழுந்தன.

மிகெல் தெ லா மத்ரீத் தலைமையிலான அரசு திகைத்து நின்றது. முதலில் வெளிநாட்டு உதவி வேண்டாம் என்றது. ராணுவம் வந்து பல இடங்களில் கயிறு கட்டிக் காவல் நின்றது. தோண்டியது யாரென்றால் ஜனங்கள்தான். மண்வெட்டி, கடப்பாரை, கார் ஜாக்கி, வெறுங்கை. ஒல்லியான இளைஞர்கள் சந்துகளுக்குள் ஊர்ந்து போனார்கள். அவர்களுக்கு ‘தோபோஸ்’, அதாவது அகழெலிகள் என்று பெயர் வந்தது. அந்தத் தன்னார்வக் குழுக்கள் பின்னால் அமைப்பாகி உலகெங்கும் நிலநடுக்கம் நடந்த இடங்களுக்குப் போகத் தொடங்கின.

சில நாட்கள் ஆனதும் இயந்திரங்களை இறக்கும் பேச்சு எழுந்தது. அப்போது நடந்ததுதான் நமக்கு முக்கியம். புல்டோசருக்காகக் காத்துக்கிடந்த அதே ஜனங்கள் இப்போது புல்டோசரை மறித்து நின்றார்கள். ‘உள்ளே ஆள் இருக்குது, அள்ளாதே’ என்றார்கள். ஹுவாரெஸ் மருத்துவமனையின் இடிபாட்டிலிருந்து பச்சைக்குழந்தைகள் ஒரு வாரம் ஆகும் தறுவாயிலும் உயிரோடு எடுக்கப்பட்டார்கள். அவர்கள் உயிரோடு இருக்கக்கூடும் என்று எந்த அரசாங்கக் கால அட்டவணையும் சொல்லியிருக்காது.

சான் அந்தோனியோ அபாத் பகுதியில் நடந்தது வேறு ரகம். அங்கே துணி தைக்கும் பட்டறைகள் அடுக்கடுக்காக இருந்தன. தையல்காரப் பெண்கள் காலை வேலைக்கு வந்துவிட்டிருந்தார்கள். இடிந்த பிறகு பட்டறை முதலாளிகள் சிலர் ஆள்பலத்தோடு வந்தார்கள். வந்து மீட்டது தையல் மெஷின்களை, துணியை, பணப்பெட்டியை. உள்ளே பெண்கள் கிடக்கிறார்கள். வெளியே மெஷின்கள் பத்திரமாக இறங்குகின்றன. தப்பிய பெண்கள் அந்தத் தெருவிலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அக்டோபரில் ‘செப்டம்பர் 19’ என்ற பெயரிலேயே தேசியத் தையல் தொழிலாளர் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். எலேனா பொனியாதொவ்ஸ்கா அந்த நாட்களின் குரல்களைத் தொகுத்து 1988இல் புத்தகமாக்கினார். கார்லோஸ் மொன்சிவாயிஸ் அதில் ‘சிவில் சமூகம்’ தன்னைத்தானே கண்டெடுத்ததைப் பார்த்தார்.

நாம் அதில் இன்னொன்றையும் பார்க்கலாம். ‘மீட்பு’ என்ற சொல்லுக்கு எப்போதும் ஒரு செயப்படுபொருள் உண்டு. எதை மீட்பது? எந்தப் பொருள் முதலில், எந்த உடம்பு பிறகு? இயந்திரம் வந்து சேர்வதற்கு முன்பே இந்த வரிசை தீர்மானமாகிவிடுகிறது. இயந்திரம் அந்த வரிசையை வேகப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

4

சரி, அப்படியானால் கையே போதும், இயந்திரமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அது நம் பக்கத்தில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு ரொமான்டிக் நோய். அதற்கு மருந்து ஆர்மீனியா.

1988 டிசம்பர் 7, காலை 11:41. ஸ்பிதாக் நகரம் தரைமட்டமானது. லெனினகானில் (இன்றைய கியூம்ரி) முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய ஒன்பது மாடிக் குடியிருப்புகள் சீட்டுக்கட்டாய்க் குவிந்தன. சுமார் 25,000 பேர் இறந்தார்கள். டன் கணக்கில் எடையுள்ள ஒரு பலகையை நூறு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. கிரேன் போதவில்லை. உறைபனிக் குளிரில், உள்ளேயிருந்து குரல் கேட்டுக்கொண்டே இருக்க, வெளியே நின்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். விண்வெளிக்குக் கலம் அனுப்பிய நாடு அது. பலகையைத் தூக்கி வீடு கட்டத் தெரிந்த அமைப்புக்கு, அதே பலகையைத் தூக்கி மனிதனை எடுக்கும் ஏற்பாடு இல்லை.

கோர்பசேவ் நியூயார்க் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பினார். பல நாடுகளிலிருந்து குழுக்கள் வந்தன. ஆளுக்கொரு முறை, ஆளுக்கொரு கருவி. ஒருவருக்கொருவர் பேச ஒரு பொது மொழியே இல்லை. அந்தக் குழப்பத்தின் அனுபவத்திலிருந்துதான் 1991இல் ஐ.நா.வின் கீழ் இன்சராக் என்ற சர்வதேச ஆலோசனைக் குழு உருவானது. மீட்பு அணிகளை அது லேசு, நடுத்தரம், கனரகம் என்று தரம் பிரிக்கிறது. ‘கனரக’ அணி என்றால் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில், இரவும் பகலும் பத்து நாள் வேலை செய்யக்கூடியது. கவனியுங்கள்: இங்கேயும் ‘கனம்’ என்பது இயந்திரத்தின் எடை அல்ல. பெரிய கிரேனை யாரும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வருவதில்லை. அது உள்ளூரில்தான் கிடைக்க வேண்டும். எந்த ஊரில் எத்தனை கிரேன், யாரிடம், அதை ஓட்டுகிறவர் யார் என்று முன்கூட்டியே எழுதிவைக்காத ஊரில் எவ்வளவு உயர்ந்த அணி வந்து இறங்கினாலும் அது காத்துக்கிடக்கத்தான் வேண்டும்.

5

1995 ஜனவரி 17இல் கோபே. 6,434 பேர் இறந்தார்கள். உயிரோடு மீட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மையோரை எடுத்தவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தவர்களும். ஜப்பானுக்கு இது ஓர் அதிர்ச்சி. தொழில்நுட்ப நாடு என்ற தன்பிம்பத்தில் விழுந்த விரிசல். அதற்குப் பிறகுதான் மீட்பு ரோபோ என்ற ஆராய்ச்சித்துறை அங்கே வேகம் பிடித்தது. கித்தாக்யூஷூவின் டெம்சுக் கம்பெனி 2004இல் ‘என்ரியூ’ என்ற இயந்திரத்தைக் காட்டியது. உதவும் டிராகன் என்று பெயருக்குப் பொருள். மூன்றரை மீட்டர் உயரம், ஐந்து டன் எடை, இரண்டு கைகள். ஹிட்டாச்சி கம்பெனியும் இரட்டைக் கை இயந்திரங்களைச் செய்து பார்த்தது.

இரண்டு கை எதற்கு? சாதாரண பொக்லைனுக்கு ஒரு கைதான். ஓர் உத்தரத்தைப் பிடித்தால் அதை வெட்ட முடியாது. வெட்டினால் விழுகிற துண்டைப் பிடிக்க முடியாது. மனிதன் ஒரு கையால் தாங்கி மறு கையால் அறுக்கிறான். லண்டன் தச்சன் முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அறுத்தான். இந்த எளிய விஷயத்தை இயந்திரம் கற்றுக்கொள்ள அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

கற்க வேண்டிய மற்றவற்றையும் சொல்லலாம். இருபது டன் இயந்திரம் இடிபாட்டின் மேல் ஏறினால் அதன் எடையும் அதிர்வுமே கீழே மிஞ்சியிருக்கும் பொந்தை மூடிவிடும். எனவே அது வெளியே நின்று எட்டும் நீளக்கை வேண்டும். லீவரைப் பிடித்திருக்கும் ஓட்டுநரின் கைக்கு மறுமுனையில் என்ன எடை, எது சிக்கி இழுக்கிறது என்பது தெரிவதில்லை. அந்தத் தடையை அவர் விரலுக்கே திருப்பித்தரும் ஏற்பாடு வேண்டும். பல் வைத்த பக்கெட்டுக்குப் பதிலாகக் கவ்வும் கை, கம்பியைக் கத்தரிக்கும் வாய், கைநுனியில் கேமரா வேண்டும். எண்ணெய் துளித்துளியாகப் பாய்ந்து கையை அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடனே நிறுத்தி, சத்தமில்லாமல் இருக்கத் தெரிய வேண்டும். 2015இல் நேபாளத்தின் சௌதாராவில் நான்கு பேரைக் கண்டுபிடிக்க உதவியது ஃபைண்டர் என்ற, ஒரு சூட்கேஸ் அளவே உள்ள ராடார் கருவி. இடிபாட்டுக்குள் துடிக்கும் இதயத்தின் மிகச்சிறிய அசைவை அது பிடிக்கிறது. பக்கத்தில் பெரிய இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தால் அந்த அசைவை எப்படிப் பிரித்தறிவது?

ஆக, மேம்பாடு என்பது இங்கே தலைகீழாகிறது. வேகத்திலிருந்து நிதானத்துக்கும், விசையிலிருந்து உணர்வுக்கும் போக வேண்டும். சுருங்கச் சொன்னால் இயந்திரம் தொழிலாளியின் கையைப் போல் ஆக வேண்டும். தொழில்மயமாதலின் வரலாறு முழுக்கத் தொழிலாளியின் கை இயந்திரத்தைப் போல் ஆக வேண்டும் என்றுதான் கேட்கப்பட்டுவந்தது.

6

ஆனால் இவ்வளவு மேம்பட்ட இயந்திரம் வந்தால் மட்டும் போதுமா? 2013 ஏப்ரல் 24, டாக்காவுக்குப் பக்கத்தில் சவார், ராணா பிளாசா. முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆயத்த ஆடைத் தொழிலாளிகள் மட்டும் மறுநாள் வேலைக்கு ஏற்றப்பட்டார்கள். 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 2,500 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். பயிற்சி இல்லாத உள்ளூர் ஆட்கள் ரம்பத்தோடு உள்ளே ஊர்ந்து போய், எத்தனையோ பேரைக் கையை காலை அறுத்துக்கூட வெளியே கொண்டுவந்தார்கள். ஐந்தாம் நாள் இரவு, ஒரு பெண்ணை எடுப்பதற்காகக் கம்பியை அறுத்தபோது தீப்பிடித்தது. அந்தப் பெண் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு கனரக இயந்திரங்கள் இறக்கப்பட்டன. இனி உயிர் இருக்காது என்பதுதான் அதன் அர்த்தம். யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரம் உறுமினாலே அது ஒரு மரணச் சான்றிதழ்.

மே 10ஆம் தேதி, பதினேழாவது நாள், அந்த இயந்திரங்களுக்கு நடுவே கீழ்த்தளத்திலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. நிறுத்தினார்கள். ஒரு பெண் உயிரோடு வெளியே வந்தார்.

இதை ‘அதிசயம்’ என்று பத்திரிகைகள் எழுதின. அதிசயம் என்று சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துவிடும். ஓர் இயந்திரத்தை நிறுத்தும் அளவுக்கு யாரோ ஒருவர் காதுகொடுத்திருந்தார், அவர் சொன்னதும் நிறுத்த ஒருவர் இருந்தார் என்பதுதான் அங்கே நடந்தது. முதல் மூன்று நாளுக்குப் பிறகு பிழைப்பவர்கள் மளமளவென்று குறைந்துபோவார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் புள்ளிவிவரம் ஒரு சராசரி. சராசரியை ஓர் இடிபாட்டின் மேல் கொண்டுபோய் நிறுத்தி ‘முடிஞ்சுது, அள்ளு’ என்று சொல்வது விஞ்ஞானம் அல்ல, நிர்வாகம்.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. 2014 ஜூன் 28, சென்னையை ஒட்டிய மவுலிவாக்கம். மழையில் பதினோரு மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டிடக் கூலிகள் அவர்களில் பலர். அரக்கோணத்தில் முகாமிட்டிருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. 2001 குஜராத் நிலநடுக்கமும் 2004 சுனாமியும் கற்பித்த பாடத்தில், 2005 சட்டத்தின் கீழ் 2006இல் உருவான படை அது. தேடல் கிட்டத்தட்ட ஒரு வாரம் நீடித்தது. எஞ்சியிருந்த இன்னொரு கட்டிடம் 2016 நவம்பர் 2இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சில நொடிகள்தான், கச்சிதமாக உட்கார்ந்தது. அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. இடிப்பதற்கான தொழில்நுட்பம் நொடிக்கணக்கில் வந்துவிட்டது. எடுப்பதற்கான தொழில்நுட்பம் இன்னும் நாட்கணக்கில்தான் இருக்கிறது. இந்த இடைவெளியில் எங்கே பணம் போனது, எங்கே போகவில்லை என்பது எழுதியிருக்கிறது.

7

2023 பிப்ரவரி 6இல் துருக்கியில் 50,000க்கும் மேல் இறந்தார்கள். கிரேன் வரவில்லை என்று பல ஊர்களில் ஜனங்கள் கதறினார்கள். அங்கே சொங்குல்தாக் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் வந்து, முட்டுக்கொடுத்துச் சுரங்கம் அமைத்து ஆட்களை எடுத்தார்கள். லண்டன் கொத்தனார், மெக்சிகோ அகழெலி, சவாரின் ரம்பக்காரர், சொங்குல்தாக் சுரங்கத் தொழிலாளி. எண்பது வருஷ வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிற உருவம் ஒன்றுதான். ஆனாலும் இயந்திரத்தை வடிவமைக்கும் அறையில் அவருக்கு நாற்காலி இல்லை.

பொக்லைன் ஓட்டுநரையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். விபத்து நடந்ததும் பக்கத்து ‘சைட்’டிலிருந்து அவரைத்தான் கூட்டிவருகிறார்கள். மண் அள்ளிப் பழகிய கை. மணிக்கணக்கு வாடகை வண்டி. அவரிடம் திடீரென்று ‘மெதுவா, உள்ளே ஆள்’ என்கிறார்கள். அவருக்கு யார் பயிற்சி கொடுத்தது? நிறுத்து என்று யார் சொன்னால் அவர் நிறுத்த வேண்டும்: அதிகாரியா, மீட்புப் படைக்காரரா, சத்தம் கேட்டதாகச் சொல்லும் அந்த அம்மாவா? காத்திருக்கும் நேரத்துக்கு வாடகை யார் தருவது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிவைக்காத வரை, இரண்டு கை அல்ல, நான்கு கை வைத்த இயந்திரம் வந்தாலும் அது அள்ளத்தான் செய்யும்.

2017இல் மெக்சிகோ நகரம் மறுபடியும் அதே செப்டம்பர் 19ஆம் தேதியில் குலுங்கியது. இடிபாட்டின் மேல் நின்ற ஒருவர் முஷ்டியை உயர்த்துவார். பார்த்தவர்கள் எல்லோரும் முஷ்டியை உயர்த்துவார்கள். என்ஜின்கள் நிற்கும். தெருவே மூச்சடக்கிக் கேட்கும். முஷ்டி என்றால் கோஷம் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அங்கே அதற்கு மௌனம் என்று பொருள். முஷ்டியை உயர்த்த யாருக்கும் பதவி தேவைப்படவில்லை. இயந்திரம் அதற்குக் கட்டுப்பட்டது.

அதற்குக் கட்டுப்படும் இயந்திரத்தைத்தான் மேம்பட்ட இயந்திரம் என்று சொல்ல வேண்டும்.